சிராங்கூனில் இறங்காத சின்னம்மா

சிங்கப்பூரின் கழிப்பறைகளைப் பற்றிச் சந்தேகம் வந்தால் கூகுளே என் சின்னம்மா சம்சுன்னிசாவிடம்தான் கேட்கும்.

எங்கள் வீட்டோடு இருக்கிறார். தேக்கா சந்தையில் துணி தைக்கிறார். பெருங்குடலின் உட்சுவரில் அழற்சி. செங்காங்கில் இருக்கும் மகளைப் பார்க்க ரயிலேறினால், பாதி வழியில் சிராங்கூன் நிலையத்தில் இறங்கிக் கழிப்பறைக்கு ஓடுவார். டாக்டர் இப்போது வழக்கமான மருந்தோடு, மஞ்சளிலிருந்து எடுத்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்.

"மஞ்சளா? அதுக்குச் சோத்துல ஊத்துற மீனாணமே போதுமே, சின்னம்மா!"

"வாய மூடுடா ரிஸ்வான். ஆணத்துல அந்த அளவு இருக்காதாம்."

கொஞ்ச நாளில் வயிறு அடங்கியது. நேற்று, எங்கும் இறங்காமல் செங்காங் போய்விடுவதென்று கிளம்பினார். எனக்கும் அங்கே ஃபுட்பால் இருப்பதாகச் சொல்லி ஒட்டிக்கொண்டேன்.

சிராங்கூனில் கதவு திறந்தது. சின்னம்மா கம்பியை இறுகப் பிடித்தார். நானும் பிடித்தேன். கதவு மூடியது. அவர் முகமெல்லாம் சிரிப்பு. பிறகு என் காலைப் பார்த்தார்.

"சிலிப்பர்லயா ஃபுட்பால் ஆடுவ?"

"ஷூ பையில இருக்கு லா."

பையை வெடுக்கென்று பிடுங்கித் திறந்தார். அவசரத்துக்கு மாற்றிக்கொள்ள நான் மடித்து வைத்திருந்த அவருடைய பாவாடை மேலேயே இருந்தது.

"இதான் உங்க டீம் ஜெர்சியாடா?"