பின்சக்கரத்து நட்டு

என் தங்கை வண்டியோடு விழுந்த அன்று, அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, யாரும் பார்க்கும் முன் அந்த வண்டியின் பின்சக்கரத்து நட்டை முறுக்கி வைத்தேன். விழுந்தது அவள் தப்பு என்று எல்லோரும் பேசினார்கள். பேசட்டும் என்று இருந்துவிட்டேன்.

கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற கையோடு திண்டுக்கல்லில் மின்சார ஸ்கூட்டர் கடை போட்டிருந்தேன். அந்த வண்டிகள் ஊருக்குப் புதிதாக வந்த காலம். மொபெட்டில் படபடவென்று போய்ப் பழகியவர்களுக்குச் சத்தமில்லாத வண்டியில் ஏறியதும் எல்லாமே கேட்க ஆரம்பித்தது. மட்கார்டு ஆடினாலும் பையில் டிபன் பாக்ஸ் குலுங்கினாலும் மோட்டார் கோளாறு என்று வந்து நிற்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. வண்டியை ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரத்தை அந்தரத்தில் சுற்றவிட்டுக் காதைக் கொடுப்பேன். சத்தம் இல்லையென்றால் வண்டியில் குறை இல்லை.

தங்கை சாணார்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க முடியாமல், புருஷனோடு சண்டை போட்டு என்னிடம் வண்டி வாங்கினாள். பஞ்சருக்காகச் சக்கரத்தைக் கழற்றி நான் மாட்டிக் கொடுத்த அடுத்த வாரம் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, கெளம்புறப்ப டக்குங்குது. பிரேக் பிடிச்சாலும் டக்குங்குது."

வண்டி பார்க்க வந்த இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். ஸ்டாண்டில் போட்டுச் சுற்றிக் காட்டினேன். சத்தம் இல்லை.

"சேலை சிக்காம இருக்க வச்ச கம்பி ஆடுது. வண்டியோட ஒன் காதையும் சர்வீஸுக்கு விட்டுட்டுப் போ."

வந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "நீ ஏறி ஒரு ரவுண்டு போய்ப் பாருண்ணே" என்றாள்.

"பாக்கலாம், பாக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகல?"

ஆள் ஏறி வண்டி இழுக்கும்போதுதான் சக்கரத்தின் அச்சு முறுக்கும். நட்டு தளர்ந்திருந்தால் அப்போதுதான் தட்டும். அந்தரத்தில் சும்மா சுற்றும் சக்கரம் எதையும் சொல்லாது. இது எனக்குத் தெரியாததல்ல. நான் சரியாக இறுக்காமல் விட்ட நட்டில் அச்சு மெல்ல மெல்லத் திரும்பி, சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டாருக்குப் போகும் வயர்களை ஒருநாள் அறுத்து ஒன்றோடொன்று ஒட்டவைத்தது. ஓடிக்கொண்டிருந்த சக்கரம் அப்படியே பிடித்துக்கொள்ள, அவள் தார் ரோட்டில் விழுந்தாள். வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனது.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை சொன்னார்: "அப்பவே சொன்னேன் மச்சான், இவளுக்கு எதுக்கு வண்டின்னு. பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டரத் திருகிருப்பா."

அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "அப்படித்தான் இருக்கும் போல. எனக்கே தெரியலண்ணே" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் கடை என் கண்முன் நின்றது.

வண்டியை விற்றுவிட்டார்கள். அவள் மறுபடி பஸ்ஸில் போனாள். கரும்பலகையில் எழுதக் கை முழுதாகத் திரும்பவில்லை. நான்கு பேர் கூடுகிற இடத்தில் மாப்பிள்ளை அவள் வண்டி ஓட்டிய கதையைச் சொல்லிச் சிரிப்பார், அவளும் தலையாட்டுவாள். ஒரு வருஷத்துக்கு மேல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய், இருவரையும் உட்காரவைத்து, நட்டை முறுக்கியது வரை எல்லாம் சொன்னேன்.

"இம்புட்டு நாளா வாயில என்ன வச்சிருந்தீங்க மச்சான்?" என்று கேட்டுவிட்டு மாப்பிள்ளை எழுந்து வெளியே போனார்.

அவள் ஒன்றுதான் கேட்டாள். "அப்ப நான் சரியாத்தான் ஓட்டுனேனா?"

"சரியாத்தான் ஓட்டுன."

அப்போதுதான் அழுதாள்.

அடுத்த மாதம் ஒரு புது வண்டியை நானே வத்தலக்குண்டு வரை ஓட்டிப் பார்த்து, அவள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். மாப்பிள்ளை தடுக்கவில்லை. தெருமுனை வரை போனவள் உடனே திரும்பி வந்தாள்.

"சத்தம் வருதுண்ணே."

நான் ஏறி ஓட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. இறங்கிப் பின்சக்கரத்து நட்டையும் தொட்டுப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. அவளே சொன்னாள்: "வராமக்கூட இருக்கலாம். எனக்குக் கேக்குது. நீ எடுத்துட்டுப் போயிரு."

ஓய்வு பெறும்வரை பஸ்ஸில்தான் போனாள். இன்றும் நல்ல நாளுக்கு வருவாள், சாப்பிடுவாள், உடம்பு எப்படி என்று விசாரிப்பாள். வீட்டில் மிக்ஸி ஓடவில்லையென்றாலும் முன்பெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவாள். இப்போது கூப்பிடுவதில்லை.