பந்தயக் கடையின் உபயம்

அந்த வருடம் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு உடுப்பு எடுத்துக் கொடுத்தது ஒரு பந்தயக் கடை. நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் அணிக்கு. நான் அதில் இடது பக்கப் பின்வரிசை. வயது ஐம்பத்துமூன்று. ஓடுவதை விட நிற்பதுதான் கூட.

நல்ல உடுப்பு. மஞ்சள் நிறம். நெஞ்சில் கடையின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. கழகத்தின் பெயர் முதுகில், சின்ன எழுத்தில்.

அந்தக் கடைக்குள் போக எனக்குத் தடை. தடை போட்டது நானேதான்.

பாண் சுடுகிற தொழிற்சாலையில் எனக்குக் காலை வேலை. இரண்டு மணிக்கு முடியும். கடை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். கோப்பி இனாம். சுவர் முழுக்கத் திரைகள். முதலில் எங்கள் ஊர் அணிக்குத்தான் கட்டினேன். பிறகு பின்லாந்து. பிறகு நான் பெயரே கேள்விப்படாத ஊர்களின் இரண்டாம் பிரிவு. எத்தனை கோர்னர், எத்தனை மஞ்சள் அட்டை, எல்லாவற்றுக்கும் கட்டலாம். எங்கே இருக்கிறதென்று தெரியாத ஒரு நாட்டில் எவனோ ஒருவன் கோர்னர் எடுப்பான். நான் இங்கே ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் கதிரையில் ஏறி நிற்பேன். தலை சுற்றும். பொய் சொல்லக் கூடாது, அது நன்றாக இருந்தது.

கடைக்குப் போகாவிட்டால் கடை நம்மிடம் வரும். மைதானத்தைச் சுற்றிப் பலகையில் வரும். டிவியில் இடைவேளைக்குப் பழைய ஆட்டக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டு வருவார். அவர் போன பிறகு ஒரு குரல், சூது அடிமையாக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடும், பஸ் பிடிக்கப் போகிறவன் மாதிரி. அகதிக் கந்தோரில் எனக்கு எழுதின பிறந்தநாள் ஜனவரி ஒன்று. உண்மையான நாள் வேறு. ஆனால் ஜனவரி ஒன்று விடிந்தால் கைபேசியில் முதல் வாழ்த்து கடையில் இருந்துதான். கூடவே ஒரு பந்தயம் இனாம். வீட்டில் யாரும் வாழ்த்தாத நாளில் கடை வாழ்த்தியது. எனக்கு அது பிடித்திருந்தது.

வீட்டில் பல் வைத்தியரிடம் டெர்மின், நேரம் எடுத்திருக்கிறேன் என்று சொல்வேன். ஒரு மாதம் பதினொரு தடவை சொல்லிவிட்டேன். மனைவி கணக்கு வைத்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனி டெர்மினோ? வாயைத் திறவுங்கோ பாப்பம்."

திறந்தேன். ஒரு பல்லிலும் கைபடவில்லை. பிறகு எல்லாம் சொன்னேன். மனைவி கத்தவில்லை. அடுத்த நாள் என்னைக் கையில் பிடித்துக் கடைக்கே கூட்டிக்கொண்டு போனாள். கடை மனேஜர் இந்த நாட்டவர், டொச்சுக்காரர், மொட்டைத் தலை, நல்ல மனிதர். தடைப் பத்திரம் அவரிடமே இருந்தது. கையெழுத்து வைத்தேன். இனி நாடு முழுக்க எந்தக் கடையிலும் என் பெயரைத் தட்டினால் தடை என்று காட்டும். அவர் என் கையைக் குலுக்கினார். கோப்பியும் தந்தார்.

அதற்கு ஏழு மாதம் கழித்துத்தான் இந்த மஞ்சள் உடுப்பு. தடை பற்றி மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கழகத்தில் தெரிந்தால் கோயிலில் தெரியும், கோயிலில் தெரிந்தால் கொலோன் வரைக்கும் தெரியும்.

செயலாளரிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"வேறை ஆள் கிடைக்கேல்லையோ?"

"அண்ணை, உபயம் தாறன் எண்டு வாற மனிசனை வேண்டாமெண்டு சொல்லலாமோ?"

சொல்ல ஏலாதுதான். எங்கள் ஆட்களிடம் அது ஒரு பழக்கம். கோயிலில் மேளத்துக்கு உபயம் செய்தவருக்கு மேடையில் பொன்னாடை. அன்னதானத்துக்குச் செய்தவருக்கும் பொன்னாடை. கொடுத்தவர் என்ன கடை வைத்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

"அணியிலை மூத்தவர் நீங்கள்தான். பொன்னாடையை நீங்கள் போர்த்துங்கோ," என்றார் செயலாளர். "நீங்கள் கதைக்காத ஆள். பிழையா ஒண்டும் சொல்லமாட்டியள்."

விளையாட்டு விழா ஒரு சனிக்கிழமை. நல்ல வெயில். ரோல்ஸ் பொரிக்கிற மணம் கோல் கம்பம் வரைக்கும் வந்தது. எங்கள் கடைசி ஆட்டம் டோர்ட்முண்ட் அணியோடு. முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது எங்களுக்கு ஒரு கோர்னர். "அண்ணை, போய் அவங்கடை கோலிக்கு முன்னாலை நில்லுங்கோ. மறைச்சால் காணும்," என்று அனுப்பினார்கள். போய் மறைத்தேன். பந்து வந்து என் முழங்காலில் பட்டது. எனக்கு வலித்தது. திரும்பிப் பார்த்தால் பந்து உள்ளே.

எத்தனை கோர்னருக்குக் கட்டியிருப்பேன். ஒன்றுகூட என் முழங்காலில் பட்டதில்லை. கதிரையில் ஏறி நின்ற நாட்களில் சுற்றிய தலை இப்போது சும்மா, காசில்லாமல் சுற்றியது. ஒன்பது பேர் என் மேல் விழுந்தார்கள். எங்கள் கோலி, கோல் காக்கிறவன், மற்றப் பக்கத்தில் இருந்து ஓடிவந்து விழுந்தான். பார்சல் வாகனம் ஓட்டுகிறவன், நாற்பத்திரண்டு வயது, நூறு கிலோ.

"முழங்கால் இல்லையண்ணை, அது தங்கம்!"

அந்த மயக்கத்திலேயே மேடைக்குப் போனேன். மனேஜர் வந்திருந்தார். வெள்ளைச் சேர்ட், நெற்றியில் யாரோ வைத்துவிட்ட சந்தனம். என்னைக் கண்டதும் அவர் சிரிப்பு நின்றது. நான் பொன்னாடையைப் போர்த்தினேன். காதுக்குள் மெதுவாக, "நலமா?" என்று டொச்சில் கேட்டார். "நலம்," என்றேன். அதோடு முடிந்திருக்கலாம்.

ஆனால் அவர் கையில் கடித உறைகள். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒன்று, செயலாளருக்கும் ஒன்று. உள்ளே கடையில் இனாமாகப் பந்தயம் கட்ட ஒரு சீட்டு. அறிவிப்பாளர் பெயர் கூப்பிட, மனேஜர் கொடுத்துக்கொண்டு வந்தார். என் முறை வந்தது. அவர் உறையைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"இவருக்கு இல்லை," என்றார் டொச்சில்.

"ஏன் இல்லை?" என்று செயலாளர் கேட்டார்.

"சொல்ல ஏலாது. டாட்டன்ஷுட்ஸ்."

ஒருவருடைய சொந்த விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்கிற சட்டம் அது. இந்த நாட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் கதை முடிந்தது. எங்கள் ஆட்களிடம் அப்போதுதான் தொடங்கியது.

"கோல் அடிச்ச மனிசனுக்கு இல்லையோ?"

"அண்ணை கறுப்பு எண்டோ?"

"நாங்களும் கறுப்புத்தானே, எங்களுக்குத் தந்தவர்."

"அப்ப கிழவன் எண்டு!"

"உபயகாரர் எண்டால் என்னவும் செய்யலாமோ? பொன்னாடையைக் கழட்டு!"

கோலி மேடைக்கு ஏறிவிட்டான். மேடை ஒரு பக்கம் பதிந்தது. மனேஜரின் தலை முழுக்க வியர்வை. சந்தனம் கரைந்து மூக்குக்கு வந்தது. என்னைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. அந்த மனிதர் எனக்காக அடி வாங்கத் தயாராக நின்றார்.

செயலாளர் தன் பங்கு உறையை என் கையில் திணித்தார். "பிரச்சினை வேண்டாம். இதை வைச்சிருங்கோ." கோலி சொன்னான்: "வைச்சிருங்கோ அண்ணை. உங்களுக்கு ஏலாட்டில் நான் போய்க் கட்டிவிடுறன். என்ன அணி எண்டு மட்டும் சொல்லுங்கோ."

உறை லேசாக இருந்தது. எந்த அணி என்று என் மண்டைக்குள் உடனே வந்துவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் பயம். ஏழு மாதம், ஒரு நொடியில் மண்டை அங்கே போய் நின்றது.

கூட்டத்தில் மனைவியைத் தேடினேன். ரோல்ஸ் கடைக்குப் பக்கத்தில் நின்றாள். கையை அசைக்கவில்லை, தலையையும் ஆட்டவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

மைக்கை வாங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவை.

"அவரிலை பிழையில்லை. நான் சூதாடினனான். பந்தயம் கட்டாமல் இருக்க ஏலாமல் போச்சு. நானே எனக்குத் தடை போட்டனான். ஏழு மாதம். இதை நான் வாங்கக் கூடாது."

உறையை மனேஜரிடம் கொடுத்தேன்.

மைதானமே அமைதியாகிவிட்டது. தூரத்தில் எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும். அறிவிப்பாளருக்கு அமைதி பிடிக்காது. மைக்கைப் பறித்தார்.

"ஏழு மாத காலமாகத் தோல்வியே காணாத எமது வீரருக்கு... பலத்த கரகோஷம்!"

கூட்டம் தட்டியது. பழக்கத்தில் தட்டியதா, விளங்கித் தட்டியதா தெரியாது. டோர்ட்முண்ட்காரர்களும் தட்டினார்கள். மனேஜர் தமிழ் ஒரு சொல்லும் விளங்காமல் எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினார். எனக்குக் கால் நிலத்தில் இல்லை.

மேடையை விட்டு இறங்க, மனைவி வந்தாள். "நீளமாக் கதைச்சுப்போட்டியள்," என்றாள். ஒரு ரோல்ஸைக் கையில் வைத்தாள்.

அடுத்து வந்தது கோலி. முகத்தில் பகிடி இல்லை.

"அண்ணை, அந்தப் பத்திரம் எங்கை எடுக்கிறது?"

"ஆருக்கு?"

நிலத்தைப் பார்த்தான். உறை அவன் காலுறைக்குள் செருகி இருந்தது. அதை உருவி என்னிடம் தந்தான். நான் வாங்கி இரண்டாகக் கிழித்தேன்.

"பார்சல் வாகனத்தை ஓரமா விட்டிட்டு, கைபேசியிலை கட்டுறனான். போன கிழமை ஒரு தெருவுக்குப் பார்சலே குடுக்கேல்லை. ஆட்டம் முடியேல்லை எண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. நூறு கிலோ ஆள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான்.

திங்கட்கிழமை இரண்டரைக்கு அவனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் உள்ளே போக ஏலாது. வாசலில் நின்றேன். கண்ணாடி முழுக்க ஆட்டக்காரர் படம், என்னைப் பார்த்து விரலை நீட்டிக்கொண்டு. உள்ளே எங்கோ கோல் விழுந்த சத்தம் கேட்டது. நான் வீதியைப் பார்த்தேன். இருபது நிமிடம். அவன் சீட்டோடு வருவானா, பத்திரத்தோடு வருவானா?

பத்திரத்தோடு வந்தான்.

"எத்தினை வருசம் அண்ணை நீங்கள் போட்டனியள்?"

"ஒரு வருசம்."

"அப்ப இன்னும் அஞ்சு மாதத்திலை முடியுது?"

"அது தானா முடியாது. தடையை எடுக்க வேணுமெண்டால் டொச்சிலை எழுதிக் குடுக்கவேணும்."

"எழுதிக் குடுப்பியளோ?"

"எனக்கு எழுதத் தெரியாது."

"எனக்கும் தெரியாதண்ணை!"

நடுத் தெருவில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். மனேஜர் கண்ணாடிக்குப் பின்னால் கோப்பியோடு நின்று கை காட்டினார். நாங்களும் காட்டினோம். பிறகு அவன் பார்சல் கொடுக்கப் போனான்.