ஒரே நிறத்தில் இரண்டு மேசைகள்

நேற்று அரிசி டிரம்மைத் திறக்கப் போனவன், அதை மூடியிருந்த துணியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் கட்சி நிறத் துணி. வெளுத்துப்போய், ஓரத்தில் மஞ்சளாக ஒரு கறை. "எத்தன தடவ தொவச்சாலும் போவலைங்க" என்றாள் மனைவி. எப்படிப் போகும்? வஹாப் வீட்டுக் கறிக்குழம்பல்லவா, அவர்கள் சொல்வதுபோல ஆணம்!

தேர்தல் வந்தால், எங்கள் ஊர் நெரவியில் எங்கள் பூத்துக்கு வஹாபும் நானும்தான் கட்சி மேசை போடுவோம். பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, புங்கமரத்தடியில் மேசை, அதன்மேல் இந்தத் துணி. ஓட்டுப் போட வருகிறவர்களுக்குப் பட்டியலில் பெயர் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்போம். காலையில் அவன் உம்மா இடியாப்பமும் ஆணமும் கேரியரில் அனுப்பிவிடுவார். எங்கள் தொகுதி சின்னது, பாருங்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். யார் எந்த மேசையில் சீட்டு வாங்குகிறார்கள் என்று ஊரே பார்க்கும். நான் பெரிய தளபதி மாதிரி காலரைத் தூக்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்புறம் கட்சி உடைந்தது. கொள்கையாம், மண்ணாங்கட்டி! வேட்பாளர் யார் என்பதில் கட்சியின் பெரிய தலைகளான வக்கீலுக்கும் மில்காரருக்கும் சண்டை, இருவருமே தேர்தலில் நின்றுவிட்டார்கள். எனக்கு வேலை போட்டுக் கொடுத்தவர் மில்காரர். வஹாபின் வாப்பாவுக்கு வழக்கு நடத்தியவர் வக்கீல். எங்கள் கொள்கை அவ்வளவுதான். அதற்கே எங்கள் இருவருக்குள் மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை.

ஓட்டுப்பதிவு அன்று காலை அதே மரத்தடியில் இரண்டு மேசைகள். இரண்டிலும் ஒரே நிறத் துணி. கேரியர் மட்டும் வழக்கம்போல ஒன்றுதான் வந்தது. வஹாப் அதைத் திறக்கவேயில்லை. எனக்கோ பசி உயிர் போயிற்று. ஆனால் அந்தப் பக்கம் திரும்பினால் மானம் போய்விடுமே!

நாங்கள் காத்திருந்தது பாக்கியம் அக்காவுக்கு. அவர் தெருப் பெண்கள் மொத்தமும் அவர் பின்னால்தான் வருவார்கள். அவர்கள் எந்த மேசைக்கு வருகிறார்களோ அந்த ஆள்தான் ஜெயிப்பார் என்பது இருவருக்கும் தெரியும்.

வந்தார்கள். மரத்தடிக்கு வந்ததும் அக்கா நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். என்னைப் பார்த்தார், வஹாபைப் பார்த்தார். 

"வாங்கக்கா" என்றேன். "வாங்கக்கா" என்றான் அவனும்.

"ரெண்டு பேரும் எங்க புள்ளைங்க. ஒருத்தன்கிட்ட வாங்கிட்டு இன்னொருத்தன் மூஞ்சில எப்புடிப்பா முழிக்கிறது?"

சொல்லிவிட்டு நேரே நடந்தார், சற்றுத் தள்ளிப் போட்டிருந்த எதிர்க்கட்சி மேசைக்கு. தெருவே அவர் பின்னால் போனது. அங்கே இருந்தவன் திடுக்கிட்டு எழுந்து நாற்காலி போட்டான்.

வஹாப் என்னைப் பார்த்தான். "போச்சுடா மாப்ள" என்றான். மாதக்கணக்குக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

வக்கீல், மில்காரர் இருவருமே மண்ணைக் கவ்வினார்கள். அடுத்த தேர்தலுக்கு மேடையேறிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நாங்களும் வெட்கமில்லாமல் பழையபடி ஒரே மேசை போட்டோம். இடியாப்பம் வந்தது, சாப்பிட்டோம், துணியில் ஆணத்தைக் கொட்டியவனும் நான்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

பாக்கியம் அக்கா வந்தார். "சாப்டீங்களா தம்பிங்களா?"

"ஆச்சுக்கா. சீட்டு வாங்கிட்டுப் போங்க."

"அங்க வாங்கிக்கிறேம்பா. அன்னிக்கு வாங்குனதுலேர்ந்து அவங்கதான் எங்க தெருவுல நல்லது கெட்டதுக்கு வந்து நிக்கிறாங்க. இப்ப மாத்துனா நல்லாருக்காதுப்பா."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். தோற்றதுகூட எனக்குப் பெரிதில்லை. அந்தத் தெரு கைவிட்டுப் போனதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

வஹாப் இப்போது துபாயில் இருக்கிறான். இந்தத் தேர்தலன்று, "மரத்தடியில நம்ம மேசைய யாருடா போட்டுருக்கா?" என்று போனில் கேட்டான். போய்ப் பார்த்தேன். எங்கள் நிறத்தில் ஒரு துணிகூட இல்லை. எதிர்க்கட்சி மேசையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தது பாக்கியம் அக்காவின் மகள். "வாங்க மாமா, ஒங்க சீட்டு எழுதி வச்சிருக்கேன்" என்றாள்.

வாங்கிக்கொண்டேன்.