பாஸ்டருக்கு நீந்தத் தெரியாது

அப்பா விசுவாசத்துக்கு வந்தது ஒரு சுவரைப் பூசிக்கொண்டிருக்கும்போது. சபையில் சாட்சி சொல்லும் நாட்களில் அவர் அதைக் கொஞ்சம் இடி மின்னல் சேர்த்துத்தான் சொல்லுவார். ஆனால் அந்தச் சுவருக்குக் கீழே சாப்பாட்டுக் கரியரோடு உட்கார்ந்திருந்தவள் நான். எனக்குத் தெரிந்து மின்னல் ஒன்றும் அடிக்கவில்லை. குழைத்து வைத்த சீமெந்துதான் இறுகிப்போனது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பாசிக்குடாவில் ஹோட்டல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். மேசனான அப்பாவுக்கு வேலைக்குக் குறைவில்லை. கிழமை முழுவதும் அங்கேயே தங்குவார். சனிக்கிழமை வீட்டுக்கு வருவார். வந்து யாரோடும் பேசாமல் ஒரு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போவார். அவரைக் கோபக்காரர் என்று ஊரில் சொல்லுவார்கள். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. சத்தமே இல்லாததுதான் வீட்டில் எல்லாரையும் பயமுறுத்தியது.

எங்கள் வீடு நாவற்குடாவுக்குத் தெற்கே, வாவிக்கரையில். அந்தப் பங்குனியில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சபை கட்டினார்கள். சுவர்கள் எழும்பி, பூச்சு வேலை மட்டும் மிச்சமிருந்தது. அந்த வேலைக்கு அப்பாவைப் போகச் சொன்னதே அம்மாதான். கொஞ்ச நாளாவது மனிதர் வீட்டில் சாப்பிட்டு வீட்டில் படுக்கட்டும் என்று நினைத்தார். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவர். சபையில் வேலை செய்கிறவர்களுக்கு அங்கே என்ன ஆகும் என்பதைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை.

சபையின் பாஸ்டர் மலைநாட்டிலிருந்து வந்த இளம் மனிதர். மெலிந்த உடம்பு, பெரிய சட்டை. சனிக்கிழமைகளில் ஞாயிறு பிரசங்கத்தைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு, வெறும் பிளாஸ்டிக் கதிரைகளுக்கு முன்னால் நின்று பேசிப் பழகுவார். கதிரைகள் பதில் சொல்லாதது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, நான் கொஞ்சம் நிறுத்துறப்பல்லாம் நீ ஆமென்னு சொல்றியா? அப்பதான் எனக்கு அடுத்தது ஞாபகம் வரும்."

அது எனக்குப் பிடித்த வேலை. அவர் மூச்சு வாங்கினால் ஆமென். தண்ணீர் குடித்தால் ஆமென். ஒருமுறை அவர் தும்மியதற்கும் சொல்லிவிட்டேன். அப்பா கம்பு கட்டிப் பலகை போட்ட தட்டில் நின்று, முதுகைக் காட்டியபடி பூசிக்கொண்டிருப்பார். கேட்கிறாரா இல்லையா என்று தெரியாது.

மூன்றாவது சனிக்கிழமை பாஸ்டர் காணாமல் போன ஆட்டின் கதையைச் சொன்னார். நூறு செம்மறியாட்டில் ஒன்று தவறிப்போக, மேய்ப்பன் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகிறான். நான் இரண்டு ஆமென் போட்டிருப்பேன். மேலேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"பாஸ்டர், செம்மறியாட்ட இஞ்ச ஒருத்தரும் காணல்ல. படத்திலதான் பாத்திரிக்கம். மாடு எண்டு சொல்லுங்க, சனத்துக்கு விளங்கும்."

அப்பா தானாக வாய் திறந்ததில் நான் அதிர்ந்துபோனேன். பாஸ்டரோ சந்தோஷமாகக் கொப்பியில் திருத்தினார். பிறகு, காணாமல் போன மாட்டை இங்கே எப்படித் தேடுவார்கள் என்று கேட்டார். அப்பா சுவரைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார்.

அப்பா பிறந்தது உன்னிச்சையில். பன்னிரண்டு வயதில் அவரைக் கன்று பார்க்க விட்டுவிட்டு அவருடைய அப்பா வயலுக்குப் போயிருக்கிறார். அப்பா மர நிழலில் தூங்கிவிட்டார். எழும்பிப் பார்த்தால் ஒரு நாம்பன் கன்றைக் காணவில்லை. குளத்துக்குப் பின்னால் காடு. யானைக் காடு. அவருடைய அப்பா தேடிப் போய் மூன்று நாள் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். காலெல்லாம் முள் கிழித்து இரத்தம். அப்பா அடிக்குப் பயந்து வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். வந்தவர் கன்றை இறக்கி விட்டு, "எங்க மகன்? சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்டாராம்.

"ஏசலையா, அண்ணே?" என்று பாஸ்டர் கேட்டார்.

"ஒரு சொல்லும் ஏசல்ல."

"ஏன்?"

அப்பாவின் கை நின்றுவிட்டது. சாந்துக் கரண்டி சுவரில் வைத்தபடி இருந்தது. பாஸ்டர் நிறுத்திய இடமாகையால் நான் ஆமென் சொன்னேன். யாரும் கவனிக்கவில்லை. அப்பா அப்படியே தட்டில் உட்கார்ந்து, முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். தட்டில் குழைத்து வைத்த சீமெந்து இறுகுகிறதே, யாராவது சொல்லக் கூடாதா என்று நான் தவித்தேன். அப்பா பிறகு தன் அப்பாவோடு கோபித்துக்கொண்டு கட்டாருக்கு வேலைக்குப் போனதும், போன இடத்திலேயே அவர் இறந்த செய்தியைக் கேட்டதும், அடக்கத்துக்கு வர முடியாமல் போனதும் எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த நாள் ஞாயிறு. பூச்சை நிரவும் மட்டப்பலகையைச் சபையில் மறந்து விட்டு வந்துவிட்டேன் என்று சொல்லி அப்பா சைக்கிளை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். மட்டப்பலகை வாசலிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். அவர் யன்னலுக்கு வெளியே போய் நின்றார். உள்ளே பாஸ்டர் யாருடைய பெயரையும் சொல்லாமல் அந்தக் கன்றின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். உன்னிச்சைத் தகப்பன் கன்றோடு வந்து இறங்கியபோது உள்ளே பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அப்பா மட்டப்பலகையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி கடைசிவரை நின்றார்.

பூச்சு வேலை முடிந்த பிறகும் ஞாயிறுகளில் அப்பா எதையாவது மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லி அங்கே போனார். பிறகு அந்தப் பொய்யும் நின்றது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நேராகவே போனார். வீட்டில் பேசத் தொடங்கினார். முதலில் அம்மாவோடு, பிறகு என்னோடு, பிறகு பக்கத்து வீட்டுக்காரரோடு. சபைக்காரர்கள் பால்மா கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. எங்கள் வீட்டுக்கு ஒரு பால்மாப் பெட்டிகூட வரவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

விஷயம் வெளியே வந்தது என்னால்.

வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு. அம்மாவின் மூத்த அண்ணன், எங்கள் பெரியமாமா, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர். வெள்ளை வேட்டியோடு அம்மனுக்கு முன்னால் கைகூப்பி நின்றார். சனம் நெருக்கியடித்து நின்றது. பூசாரியார் கண்களை மூடி உருக்கமாக வேண்டினார். "மழை பெய்யணும் தாயே, வயல் வட்டையெல்லாம் விளையணும், ஆத்துல மீன் படணும், பிள்ளை குட்டியள் சுகமா இரிக்கணும்." சொல்லிவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினார்.

என் நாக்கு பழகியதைச் செய்தது. "ஆமென்!" என்றேன், சபையின் கடைசிக் கதிரைக்கும் கேட்கும் குரலில்.

பறை ஒரு அடி தவறியது. பூசாரியார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பெரியமாமா மெதுவாகத் திரும்பி, என்னைப் பார்க்காமல், அம்மாவைப் பார்த்தார்.

சடங்கு முடிந்த அடுத்த நாள் அவர் வீட்டுக்கு வந்தார். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். சீதனமாகக் கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை தன் பெட்டியோடு வந்து குடியேறுவார். அப்பாவும் உன்னிச்சையிலிருந்து அப்படி வந்தவர்தான். எங்கள் வீட்டின் கூரை மரத்தைப் பெரியமாமாவே தோளில் சுமந்து ஏற்றியதாகச் சொல்லுவார்கள்.

அவர் கதிரையில் உட்காரவில்லை. அப்பாவிடமும் பேசவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"தங்கச்சி, வண்ணக்கர்ட தங்கச்சி வீட்டில ஜெபம் நடக்குதாம் எண்டு ஊர் கதைக்குது. மச்சான் சபைக்குப் போறதெண்டா இந்த வீட்டில இரிக்கேலா. அவரை யோசிச்சு முடிவெடுக்கச் சொல்லு."

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெட்டி எங்கே இருக்கிறது என்று அவர் யோசிப்பதாக எனக்குப்பட்டது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா எழும்பி, கையைத் துடைத்தார்.

"அண்ணன், இந்த வீட்ட எனக்குத் தந்ததா, உங்களுக்கெண்டு வெச்சிரிக்கிறதா?"

"உனக்குத்தான் தந்த."

"அப்ப ஆர் இரிக்கிற எண்டு நான் சொல்லுறன்."

அவ்வளவுதான். மறுபடி உட்கார்ந்து தேங்காய் துருவினார். பெரியமாமா தேத்தண்ணியைக் குடிக்காமல் போனார். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் எங்கள் வாசலில் கால் வைக்கவில்லை. வாவியில் அவருக்கு நல்ல மீன்பாடு கிடைத்த நாட்களில் மட்டும் விடியும்போது எங்கள் வேலியில் ஒரு இறால் பை தொங்கும். யார் கட்டியது என்று அம்மாவும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்பா அந்த இறாலுக்கும் கண்ணை மூடி ஜெபம் பண்ணித்தான் சாப்பிடுவார். ஜெபம் நீண்டால் அம்மா, "கறி ஆறுது" என்பார். சாமி அறையில் விளக்கு எரியும். முன் ஹோலில் வசனம் எழுதிய கலண்டர் தொங்கும். இரண்டுக்கும் நடுவில் இருந்து நான் வீட்டுப்பாடம் செய்வேன்.

கார்த்திகையில் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். தைமாதம் அப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போவதாகச் சொல்லி, அம்மாவையும் கேட்டார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார்.

"அவர் தொலைஞ்சு போன ஆள், பாஸ்டர். தேடி எடுத்தீங்க, நல்லம். நான் தொலையல்ல."

பாஸ்டர் வெறும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் ஆமென் சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

சபையில் ஞானஸ்நானத் தொட்டி இல்லை. பாஸ்டருக்குத் தொட்டி கட்டினால் நல்லது என்று ஆசை. வாவி பக்கத்தில் இருக்கத் தொட்டி எதற்கு என்று மேசனான அப்பாவே மறுத்துவிட்டார். அந்தத் தையில் மழை விட்டும் வெள்ளம் வடியவில்லை. கடலுக்குப் போகும் முகத்துவாரத்தை அடைத்த மணல் இன்னும் வெட்டப்படாததால் வாவி கரை நிறைந்து, கலங்கிக் கிடந்தது. பாஸ்டர் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை என்று அவரே சபையில் சொல்லிச் சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பு ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

ஞாயிறு மத்தியானம் எல்லாரும் கரைக்கு வந்தோம். அம்மாவும் வந்தார். அப்பாவின் வெள்ளைச் சட்டையை அவரேதான் ஸ்திரிக்கை போட்டிருந்தார். ஒரு துவாய், ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி, ஒரு டப்பா பயத்தம் பணியாரம் எல்லாம் கொண்டு வந்து, சபைக்காரர்களிடமிருந்து நாலு அடி தள்ளி, ஒரு கண்டல் மரத்தடியில் நின்றார்.

ஞானஸ்நானம் கொடுக்கிறவரை எடுக்கிறவர்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அப்பா காலால் சேற்றைத் துழாவித் துழாவி நல்ல தரை பார்த்தார். பாஸ்டரின் உதடுகள் அசைந்தன. அது சடங்குக்கான ஜெபம் போலத் தெரியவில்லை. நெஞ்சளவு தண்ணீரில் நின்றார்கள்.

அங்கேதான் நான் பெரியமாமாவைக் கண்டேன். அவர்களுக்கு அப்பால், பத்துப் பதினைந்து முழம் தள்ளி, தன் தோணியில் தனியாக நின்றார். நீண்ட கம்பைச் சேற்றில் ஊன்றிப் பிடித்திருந்தார். குழப்பம் பண்ணத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"இயேசுவை விசுவாசிக்கிறீங்களா?" என்று பாஸ்டர் கேட்டார்.

அப்பா ஒரு கணம் கரையைப் பார்த்தார். அம்மா துவாயை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

"ஓம்," என்றார் அப்பா.

பாஸ்டர் அவரைப் பின்பக்கமாகச் சாய்த்தார். அப்பா பாரமான மனிதர். சாய்த்தவரின் கால் சேற்றில் வழுக்கியது. இரண்டு பேரும் ஒன்றாகத் தண்ணீருக்குள் போனார்கள். சனம் "ஐயோ" என்றது. அதே நேரம் தோணி அம்பு மாதிரி முன்னால் வந்தது. பெரியமாமா இரண்டே உந்தில் கிட்ட வந்து, கம்பைத் தண்ணீருக்குள் நீட்டிவிட்டார். ஆனால் அதற்குள் அப்பா எழும்பிவிட்டார், ஒரு கையில் பாஸ்டரின் சட்டைக் கழுத்தோடு. பாஸ்டர் இருமிக்கொண்டே "பிதா குமாரன்..." என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கரையில் அல்லேலூயா எழுந்தது. யார் யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது என்று இன்றைக்கும் சபையில் பகிடி சொல்லுவார்கள்.

நான் திரும்பிப் பார்த்தபோது தோணி பழைய இடத்துக்கே போயிருந்தது. பெரியமாமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா துவாயை முதலில் பாஸ்டருக்குக் கொடுத்தார். பிறகு ஒரு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, இரண்டு பணியாரத்தை என் கையில் வைத்து, "மாமாக்குக் குடுத்திட்டு வா" என்றார். நான் முழங்கால் தண்ணீர்வரை போய்க் கூப்பிட்டேன். அவர் தோணியைக் கரையோரம் விட்டு, வாங்கிக் குடித்தார். பயத்தில் ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது.

"மாமா, மீன் பட்டதா?"

"இல்ல மனே. இண்டைக்கு ஒண்டும் படல்ல."

கோப்பையைத் திருப்பி வாங்கும்போது தோணிக்குள் எட்டிப் பார்த்தேன். வலை இல்லை. கூடை இல்லை. தூண்டில்கூட இல்லை. ஈரமே படாத பலகை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பெரியமாமா கம்பை ஊன்றித் தோணியைத் திருப்பி, வந்த வழியே போனார்.

நான் ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன், மாமாவுக்கு வயது போய்விட்டது, மீன் பிடிக்க வந்தவர் வலையை வீட்டிலேயே மறந்துவிட்டார் என்று. அம்மா சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை, அப்பாவின் ஈரத் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு மனிதரின் மறதியில் சிரிக்க இவ்வளவு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.