சர்க்கரை போடாத ஞாயிறுகள்

எல்வினா மனுவேல், பசீல் என்கிற ஊரின் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்றால், யாரும் கேட்கவில்லை என்பாள். அது பாதி உண்மை. இருபது வயதில் ஓவி சோனியே என்பவன் இரண்டு குளிர்காலம் சனிக்கிழமை தவறாமல் நடனக் கொட்டகையில் அவளோடு ஆடினான். மூன்றாவது குளிர்காலம் வெர்னிஸோடு ஆடினான். ஈஸ்டர் கழிந்து அவர்களுக்குக் கல்யாணம். கேக்குக்கு முட்டை அடித்துக் கொடுத்தது எல்வினாதான்.

பிறகு வெர்னிஸும் அதே பள்ளிக்கூடத்துக்குச் சமைக்க வந்தாள். ஒரே அடுப்பின் இரண்டு பக்கம் நின்றார்கள். பகை வளர்க்க அந்தச் சமையலறையில் இடம் போதாது. சிநேகிதிகளானார்கள்.

பல வருடம் கழித்து ஒரு தவக்காலத்தில் வெர்னிஸ் இறந்தாள். ஊர்ப் பெண்கள் ஓவியின் வீட்டுக்குத் தட்டுத் தட்டாகச் சாப்பாடு கொண்டுபோனார்கள். நெல் அறுப்பு வந்ததும் தட்டுகள் குறைந்தன. ஒரு சனிக்கிழமை ஓவி எல்வினாவுக்கு ஃபோன் செய்தான். மாட்டிறைச்சி வாங்கி வைத்திருப்பதாகவும், தான் வைத்தால் செருப்புத் தோல் மாதிரி வருவதாகவும், வெர்னிஸ் வைக்கிற மாதிரி குழம்போடு ரோஸ்ட் வைத்துத் தர முடியுமா என்றும் கேட்டான்.

மறுநாள் பூசை முடிந்து அவள் கிளம்பும்போது பக்கத்து வீட்டு டெல்ஃபின் வேலியோரம் நின்றிருந்தாள்.

"ரோஸ்ட் வைக்கப் போறவளுக்கு லிப்ஸ்டிக் எதுக்குடி? மாட்டுக்குக் காட்டவா?"

எல்வினா காருக்குள் உட்கார்ந்ததும் உதட்டைத் துடைத்துவிட்டாள்.

ஓவியின் அடுக்களையில் இறைச்சியைக் கத்தி முனையால் அங்கங்கே குத்தி, பூண்டும் வெங்காயமும் உப்பும் சிவப்பு மிளகாய்த்தூளும் சேர்த்த கலவையைக் குழிகளில் விரலால் அழுத்தினாள். வெர்னிஸின் இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் இறைச்சியை வைத்து, ஒவ்வொரு பக்கமும் நன்றாக அடிப்பிடிக்கும்வரை அசையாமல் விட்டாள். ஒரு கரண்டித் தண்ணீர், சுரண்டல், வற்ற விடுதல், மறுபடி ஒரு கரண்டி. வெங்காயம், குடைமிளகாய், செலரி வதங்கிக் கரைந்தன. மூடியைப் போட்டுத் தீயைக் குறைத்தாள். சோறு கடைசியில்.

ஓவி குழம்பைச் சோற்றில் ஊற்றி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

"நல்லா இருக்கு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அவளுது இல்ல."

"என்ன குறையுது?"

"சொல்லத் தெரியல. இன்னும் கறுப்பா இருக்கும். அடியில லேசா ஒரு கசப்பு ஓடும். அடுத்த வாரம் பார்ப்போமா?"

என்ன குறைகிறது என்று எல்வினாவுக்குத் தெரியும். சர்க்கரை. காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி சர்க்கரையைக் கருக விட்டு, அதன் மேல் இறைச்சியை வைத்தால் ஒரு மணி நேரம் நின்று வரவழைக்க வேண்டிய நிறம் பத்து நிமிடத்தில் வந்துவிடும். அந்த ஊரில் பலர் செய்வார்கள், ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வெர்னிஸ் அந்த நேரத்தில் எல்லோரையும் அடுக்களையிலிருந்து விரட்டிவிடுவாள். ஒருமுறை எல்வினா பார்த்துவிட்டாள். "ஓவிகிட்ட சொல்லிடாத. நான் பொறுமையா நின்னு வைக்கறேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியறான்" என்றாள் வெர்னிஸ்.

செத்தவளின் மானத்தைக் காப்பாற்றத்தான் சொல்லாமல் இருக்கிறோம் என்று எல்வினா முதலில் நினைத்துக்கொண்டாள். இரண்டு ஞாயிறு அது தாங்கியது. அப்புறம் தனக்குத்தானே பொய் சொல்லும் சிரமத்தை விட்டுவிட்டாள். குழம்பு சரியாக வந்துவிட்டால் ஓவி கூப்பிட மாட்டான். அவ்வளவுதான்.

ஒரு வாரம் பூண்டைக் கூட்டினார்கள். ஒரு வாரம் தீயைக் குறைத்தார்கள். கடை மாற்றி இறைச்சி வாங்கினார்கள். பழைய டிராக்டரைப் பிரித்துப் பார்க்கிற முனைப்போடு ஓவி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தான். வெங்காயம் உரித்தான். சட்டி கொதிக்கும்போது இருவரும் வாசல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு பெரும்பாலும் வெர்னிஸைப் பற்றி. எல்வினா கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் சம்பந்தமில்லாமல், "நீ நல்லா ஆடுவ" என்றான். "நீயுந்தான்" என்றாள். எழுந்து சட்டிக்குத் தண்ணீர் விடப் போனாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

சகல புனிதர் திருநாளுக்கு முந்தின நாள் ஊரே கல்லறைத் தோட்டத்தில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தது. எல்வினா அப்பா அம்மா கல்லறையை முடித்துவிட்டு, மீந்த சுண்ணாம்பு ஓவிக்கு வேண்டுமா என்று கேட்க அடுத்த வரிசைக்குப் போனாள். அவன் மண்டியிட்டு அடித்துக்கொண்டிருந்தான். தலைமாட்டில் புதுக் கல். இடது பக்கம் வெர்னிஸின் பெயர். வலது பக்கம் ஓவியின் பெயர், பிறந்த வருடம், ஒரு கோடு, அதற்குப் பிறகு வெறுமை. அவனுடைய பிள்ளைகள் இரண்டு பெயரையும் சேர்த்தே வெட்டச் சொல்லிவிட்டார்களாம்.

"என் பக்கம் வெயில் அடிக்கும்" என்றான் ஓவி. "அவளுக்கு வெயில் ஆகாது. அதான் அவளை மரத்துப் பக்கம் போட்டேன்."

கட்டிலில் யார் எந்தப் பக்கம் என்று சொல்வதுபோலச் சொன்னான். எல்வினா சுண்ணாம்பு வாளியை அவனருகே வைத்துவிட்டு வந்தாள்.

அந்த ஞாயிறு, எண்ணெய் காய்ந்ததும், தோட்டத்தில் வெங்காயத்தாள் பறித்து வரச் சொல்லி ஓவியை வெளியே அனுப்பினாள். சர்க்கரை டப்பா வெர்னிஸ் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒரு கரண்டி. அது உருகி, சிவந்து, கறுத்துப் புகைந்தது. இறைச்சியை அதன் மேல் வைத்தாள்.

ஓவி முதல் வாயிலேயே முள்கரண்டியைக் கீழே வைத்தான். பிறகு எடுத்துச் சாப்பிட்டான். தட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. இரண்டாவது தட்டும் முடிந்த பிறகு, "இதுதான்" என்றான். என்ன செய்தாள் என்று கேட்டான். ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்ச நேரம் பொறுமையாக நின்றேன் என்றாள் எல்வினா.

"அவ அப்படித்தான் நிப்பா" என்றான். "அடுத்த ஞாயிறும் இதே மாதிரி வெச்சிடு எல்வினா. இனி மாத்த வேண்டாம்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. இன்றோடு முடிந்தது என்று நினைத்துத்தான் டப்பாவைத் திறந்திருந்தாள். அவனோ கூப்பிடுகிறான். சரி என்று சொன்னால் மிச்சமிருக்கும் ஞாயிறெல்லாம் இந்த வீடு, இந்த வராந்தா, எதிரே இவன். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடித்தும் துணியை விடவில்லை.

"இதை நான் இனிமே வைக்க மாட்டேன் ஓவி."

"ஏன், என்ன தப்பா சொல்லிட்டேன்?"

"ஒண்ணும் தப்பில்ல. என் குழம்பு வேணும்னா என் வீட்டுக்கு வா. எட்டு மணிப் பூசை முடிஞ்சதும் அடுப்புல ஏத்திடுவேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்த வீட்டில் அவளை அப்படிப் பார்த்தது அதுவே முதல் தடவை. "உன்னுதும் நல்லாத்தான் இருந்துது" என்றான்.

"அதைத்தான் வாராவாரம் சொல்ற" என்று சொல்லிவிட்டுக் கார்ச் சாவியைத் தேடினாள்.

அடுத்த சனிக்கிழமை ஒருத்திக்கு வேண்டியதைவிடப் பெரிய துண்டாக வாங்கினாள். விருந்தாளியா என்று கடைக்காரன் கேட்டான். தெரியாது என்றாள்.

ஞாயிறு காலை பூண்டைத் திணித்தாள். இறைச்சி தானாகப் பிடித்துத் தானாக விடும்வரை காத்திருந்தாள். ஒவ்வொரு கரண்டித் தண்ணீர் விடும்போதும் சட்டி சீறியது. அடங்கியதும் சாலைப் பக்கம் காது கொடுத்தாள். ஒரு டிரக் வந்தது, வேகம் குறைந்தது, இறால் குளத்துப் பாதையில் திரும்பிப் போனது. நண்பகல் மணி அடித்தது. சோறு வெந்து ஆறத் தொடங்கியது. சட்டியைத் திறந்து, தேவையே இல்லாமல் இன்னும் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு மூடினாள்.

ஒரு மணிக்குமேல் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குழம்பு நன்றாக வந்திருந்தது. நிறம் கொஞ்சம் வெளிர்தான். அவளுடையது எப்போதும் அப்படித்தான் வரும்.