டயர் கிழிந்த ஆயுத பூஜை

போன ஆயுத பூஜை அன்று காலை, மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும். ஆனாலும் மகளைக் கூப்பிட்டு எழுதச் சொல்லவில்லை. என் கையாலேயே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பஞ்சு மில்லில் ஃபிட்டராக இருந்தவர். நடுவில் சில வருடம் வளைகுடா நாட்டுக்குப் போய் வந்தார். கூடப் போனவர்கள் நகை, டேப் ரிக்கார்டர் என்று கொண்டுவந்தார்கள். இவர் கொண்டுவந்தது ரிமோட்டில் ஓடும் ஒரு கார். முழங்கை நீளம் இருக்கும். கடைத்தெருவில் விற்கிற பிளாஸ்டிக் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே ஒவ்வொன்றும் திருகாணி போட்டுப் பூட்டியிருக்கும், நிஜக் காரைப்போலப் பிரித்து மாட்டலாம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அதைத் தூக்கிக்கொண்டு வைகைக்குள் இறங்கிவிடுவார். நம் ஆற்றில் தண்ணீர் ஓடுகிற நாள் குறைவு, இவருடைய கார் ஓடுகிற நாள்தான் அதிகம். மீசை வைத்த மனிதர் மணலில் பொம்மைக் காரை ஓட்டுவதைப் பாலத்தில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். எனக்குத்தான் மானம் போகும்.

அந்தக் காரில் அவர் பயந்தது டயருக்கு மட்டும்தான். அந்த அளவு டயர் இப்போது எங்கும் கிடைப்பதில்லை என்பார். ரப்பருக்கு வயதானால் முதலில் இறுகிப்போகும். பிறகு குதிகாலில் பித்தவெடிப்பு வருவதுபோல மெல்லிசாக வெடிப்பு விடும். வெயில் படக்கூடாது. சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து நிழலில் உலர்த்த வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்கக் கூடாது. காய்ந்து கிடக்கிறதே என்று ஒருமுறை தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு போனேன். "அய்யய்யோ, எண்ணெ பட்டா ரப்பரு ஊறிப் பிசுபிசுத்துப் போகும்டி" என்று கிண்ணத்தைப் பிடுங்கிவிட்டார். துடைத்துக் காயவைத்து, மேலாக முகப்பவுடர் தூவுவார். பிறகு காரின் வயிற்றுக்கு அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்து, சக்கரம் நான்கும் தரையில் படாமல் நிறுத்துவார். ஒரே பக்கமாக நின்றால் டயர் தட்டையாகிவிடுமாம்.

அப்புறம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. "ம்", "போ" இரண்டும்தான் மிச்சம். அன்றிலிருந்து அவரும் என் பொறுப்பு, காரும் என் பொறுப்பு. அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்துப் பவுடர் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கண்ணாலேயே அலமாரியைக் காட்டுவார். காரை இறக்கி, அவர் பார்க்கப் பார்க்க டயரைக் கழுவி, அதே பவுடரைத் தூவி வைப்பேன். இடுப்பு விட்டுப்போகும். சில நாள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவேன். இருந்தாலும் சொல்கிறேன், அத்தனை வருடத்தில் டயர் ஒன்றுகூடக் கிழியவில்லை, அவர் முதுகில் ஒரு புண் வரவில்லை. பார்க்க வந்த நர்ஸம்மாவே வாய்விட்டுச் சொன்னார், இப்படிப் பார்த்துக்கொள்கிறவர்களை நான் கண்டதில்லை என்று.

ஒன்று மட்டும் நான் செய்யவில்லை. அவரை வாசலுக்குக் கொண்டுவரவில்லை. வாய் கோணி, எச்சில் ஒழுக இருக்கிறவரைத் தெரு பார்த்து ஐயோ பாவம் என்று இச்சுக்கொட்டுவதை என்னால் தாங்க முடியாது.

ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால் அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். கரண்டியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். தொண்டையில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். பக்கத்துத் தெருவில் குழாயோடு கிடந்து போனவரைப் பார்த்தவள் நான். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. மகள் லீவு போட்டு வந்தாள். அவள் ஊட்டிப் பார்த்தும் வாய் திறக்கவில்லை.

பூஜை அன்று வழக்கம்போலக் காரை இறக்கி, டயரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் கட்டைமேல் நிறுத்தினேன். எதிர் வீட்டு ஆட்டோக்காரத் தம்பி பொரிகடலை கொடுக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம் பெரியம்மா, என் ஆட்டோ டயரு மொட்டையாக் கெடக்கு. நீங்க இதுக்குப் பவுடரு பூசிவிடுறீக! அடுத்த பிறவியில உங்க வீட்டு டயராப் பொறக்கணும்னு வேண்டிக்கிறேன்."

வெளியே போய்ப் பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஆட்டோவை ஏற்றினார். பழம் நசுங்கிய சத்தம் உள்ளே கேட்டது. உடனே என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். இடது கையால் காரைக் காட்டினார், வாசலைக் காட்டினார். மறுபடியும் கார், மறுபடியும் வாசல்.

"அப்பா ஓட்டணுங்கிறாரும்மா" என்றாள் மகள்.

"ஓட்டுனா டயரு பிஞ்சுரும்டி. இம்புட்டு வருசம் கட்டிக் காத்தது எதுக்கு?"

"அதத்தான் நானும் கேக்குறேன், எதுக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு நாள் வந்து நிற்கிறவளுக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சர்க்கரைப் பொங்கலைக் குழைத்து எடுத்துப்போனேன். "போ" என்றார். அந்தச் சொல்லை அத்தனை தெளிவாக அவர் சொல்லி வெகு நாளாகியிருந்தது.

கிண்ணத்தை வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தேன். கிழிந்தால் கிழியட்டும் என்று தோன்றியது. எழுந்து வாசலுக்குப் போய் ஆட்டோக்காரத் தம்பியிடம், "பேட்டரி செத்துக் கெடக்கு, எங்கயாச்சும் கிடைக்குமா?" என்று கேட்டேன்.

காரின் பழைய பேட்டரியை வாங்கிக்கொண்டு தம்பி கோரிப்பாளையம் போனார். அங்கே ஒரு பாய் செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறார். பூஜை என்று ஊரே பூட்டிக் கிடந்தாலும் அவர் கடை திறந்திருந்தது. என்னை அவருக்குத் தெரியாது, இவரையும் தெரியாது. கையில் இருந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டுப் புது செல்களைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தாராம். "காசு வேண்டாம்னுட்டாரு பெரியம்மா. வண்டி ஓடுச்சா இல்லையான்னு மட்டும் போன் போட்டுச் சொல்லணுமாம்" என்றார் தம்பி.

அவரும் மகளுமாக இவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வாசலில் வைத்தார்கள். தெரு முழுக்க ஆட்களாகத்தான் இருந்தது. நான் அவருடைய வாயைத் துடைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பக்கத்தில் நின்றேன்.

ரிமோட்டை மடியில் வைத்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. அதில் இரண்டு குச்சி. இடது குச்சி வண்டியை ஓட்டுவதற்கு, வலது குச்சி திருப்புவதற்கு. வலது கை இல்லாதவர் எப்படித் திருப்புவார்? மகள் கையை நீட்டினாள். அவர் அவளைப் "போ" என்றுவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் அந்தக் குச்சியைத் தொட்டதே இல்லை. குனிந்து விரலை அதில் வைத்தேன். அவர் இடது கட்டைவிரலால் தள்ளியதும் கார் சீறிப் போனது. நான் எந்தப் பக்கம் திருப்பினேனோ, நேராகச் சாக்கடையைப் பார்த்துப் போயிற்று. "திருப்புங்க, திருப்புங்க பெரியம்மா!" என்று தெருவே கத்தியது. எப்படியோ திருப்பிவிட்டேன். நம்மைப் பார்த்து வரும்போது வலது இடதாகிறது, இடது வலதாகிறது. இந்த வித்தையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் அத்தனை வருடம் ஓட்டியிருக்கிறார்!

தம்பி குறுக்கே ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். கார் அதை எங்கே நசுக்கும்? மூக்கால் முட்டி உருட்டிக்கொண்டே போனது. "மாப்ள, வண்டி பந்து வெளையாடுது!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அது இச்சுக்கொட்டுகிற சிரிப்பு இல்லை.

மூன்றாவது சுற்றோ நாலாவது சுற்றோ, பட் பட் என்று சத்தம் கேட்டது. பின் சக்கரத்து டயர் வெடிப்போடு பிளந்து, நாக்குப்போலத் தொங்கித் தரையில் அடித்தது. நான் கழுவிக் கழுவி வைத்த டயர். அழப்போகிறார் என்று அவரைப் பார்த்தேன்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்க வாயால், தோள் குலுங்கச் சிரித்தார். கட்டைவிரல் இன்னும் குச்சியைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. டயர் முழுதும் கழன்று போய், வெறும் சக்கரத்தில் கார் கரகரவென்று ஓடியது. பேட்டரி நிற்கும்வரை நான் திருப்பினேன், அவர் ஓட்டினார்.

அங்கேயே, தெருவிலேயே, ஆறிப்போன சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டார். முழுதும் இல்லை, பாதிக் கிண்ணம். ஓடியது என்று மகள் பாய்க்குப் போன் போட்டுச் சொன்னாள்.

குழாய்ப் பேச்சு அன்றோடு ஒழிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். மார்கழிவரை சாப்பிட்டார். தை பிறந்ததும் தொண்டையே அடைத்துக்கொண்டது, குழாய் வந்துவிட்டது. புரட்டுவதும் துடைப்பதும் அப்படியே இருக்கின்றன. என் இடுப்பும் அப்படியே. ஆனால் வெயில் தாழ்ந்ததும் குழாயோடு அவரை வாசலில் உட்காரவைக்கிறேன். இச்சுக்கொட்டுகிறவர்கள் கொட்டிவிட்டுப் போகட்டும். உங்களுக்கு என்ன வேண்டும் என்று தினமும் அவரிடம் கேட்கிறேன், அவர் கை எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்க்கிறேன். புண் வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று இருந்த எனக்கு, கேட்கவும் வேண்டும் என்பது இந்த வயதில்தான் தெரிந்தது, அது தாமதம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.