மூன்று வருஷப் பிறப்பும் ஒரு கர்க்கடகமும்

திருவனந்தபுரத்தில் இருப்பவனுக்கு வருஷம் மூன்று தடவை பிறக்கும். இங்கிலீஷ் ஜனவரி, சித்திரை விஷு, மலையாளத்துச் சிங்க மாதம் முதல் தேதி. சாம்பசிவனைக் கெடுத்தது இந்த வசதிதான்.

கோயில் மடைப்பள்ளிக் குடும்பத்தின் முதல் பி.ஏ. அவன். ஜனவரியில், சட்டம் படித்து முன்சீப் ஆவதென்று சங்கல்பம் செய்தான். அது தளர்ந்ததும், விஷுக்கணி கண்ட கையோடு, மதராஸ் போய்ப் பத்திரிகை தொடங்குவதென்று மாற்றிக்கொண்டான். அதுவும் ஆறிப்போக, சிங்கம் பிறக்கட்டும் என்றிருந்தான். உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளாது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது.

சிங்கத்துக்கு முந்திய மாதமான கர்க்கடகத்து மழையில், கிழக்கேகோட்டையில் அவனைப் பிடித்தார் ராஜையன். விழிஞ்ஞத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஹெட்மாஸ்டர்.

"சாமி, எங்க கணக்கு சாரு மாற்றலாகிப் போயிட்டாரு. நாளைக்கே வந்து சேரும்."

"கர்க்கடகமாச்சே சார். சிங்கம் ஒண்ணாந்தேதி வந்துடறேனே."

தமிழ் ஆடியைப் போலவே கர்க்கடகத்தில் கல்யாணம் இல்லை, குடிபுகுதல் இல்லை. புதிதாக எதையும் யாரும் தொடங்கமாட்டார்கள். நல்ல சாக்கு.

"அதுவரை ரெண்டு கிளாஸையும் நானா கட்டி மேய்க்க? நாளைக்கு முதல் மணிக்கு வந்தா வேலை உமக்கு. இல்லேன்னா நெய்யாற்றின்கரையில ஒருத்தன் காத்திருக்கான். பஞ்சாங்கம் பாக்கத் தெரியாத பயல்." சிரித்தபடி பஸ் ஏறிவிட்டார்.

வீட்டில் மனைவி பாகீரதி காயாத துணியை அடுப்பருகே விரித்துக்கொண்டிருந்தாள். வேலை வந்த விஷயத்தைச் சொன்னான்.

"கர்க்கடகத்துல சேரப்படாதோன்னோ?" என்றான், ஆமாம் என்பாள் என்ற நம்பிக்கையில்.

"படாதுதான். சிங்கம் பொறந்தா மட்டும் போயிடுவேளா? அன்னிக்கு திவானாகணும்னு தோணிடும் உங்களுக்கு."

"கேலி பண்றயா?"

"முன்சீப் ஆகவேண்டாம்னு நான் சொல்லலையே. ஒரு மாசம் ஒரே எடத்துக்குப் போய்ட்டு வாங்கோ. இப்போதைக்கு அந்த சங்கல்பம் போறும்."

ஒரு மாசம்! ஒரு பி.ஏ.வின் லட்சியமா இது? கோபமாக வந்தது. தான் எதையாவது ஒரு மாசம் விடாமல் செய்ததுண்டா என்று யோசித்தான். ஒன்றும் அகப்படவில்லை. கோபம் பயமாக மாறியது.

மறுநாள் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கிவிடத் தோன்றியது. மழை வலுத்ததால் இறங்கவில்லை என்றுதான் தனக்குச் சொல்லிக்கொண்டான். ராஜையன் சாக்குக்கட்டியை நீட்டினார். கடல் காற்றில் ஜன்னல்கள் அடித்துக்கொண்டன. பாடம் நடத்தும்போதே மனம் மதராஸுக்கு ஓடியது, இழுத்து வந்தான், மறுபடி ஓடியது.

கடைசி மணி அடித்ததும் பிள்ளைகள் கலையத் தொடங்கினார்கள். அவன் கரும்பலகையின் மூலையில் நாளைய கணக்கு ஒன்றை எழுதினான்.

"இதை யாரும் அழிக்கப்படாது," என்றான்.